காற்றுக்கு ஒரு மீன்

தொண்ணூற்றொன்பதில் சிலாவத்தைக் கரையிலிருந்து தர்மபுரம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்றவன் நான். மற்ற வியாபாரிகள் மூச்சு வாங்கச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார்கள். நான் பெற்றோலுக்குப் பதிலாக ஊற்றிய மண்ணெண்ணெயின் புகையை அவர்களுடைய முகத்தில் விட்டுவிட்டு முந்திப் போவேன். மரியநேசன் வாறான் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கெப்பர்தான்.

மாசி மாதம் பின்சில்லில் காற்று இறங்கத் தொடங்கியது. ஒரேயடியாக இறங்கியிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை அடித்தால் எட்டு மைல் ஓடும். பிறகு பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கும். போர்க்காலத் தடையால் புது ரியூப் வவுனியாவைத் தாண்டி உள்ளே வராத காலம் அது. சைக்கிள் கடையில் காட்டச் சொன்னாள் என் மனைவி மார்கிறட்.

"இதுக்குப் போய்க் கடையோ? எனக்குத் தெரியாத வேலையே?" என்று நானே சில்லைக் கழற்றினேன்.

ரியூப்பை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி ஒரு சுற்று முழுக்கப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. வராவிட்டாலும் சந்தேகமான மூன்று இடங்களில் ஒட்டுப் போட்டேன். அடுத்த நாளும் எட்டாவது மைலில் பின்பக்கம் ஆடியது.

காற்றடிக்கிற பம் ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிய மீன்பெட்டி இடம் விடவில்லை. அதனால் வழியில் பம் உள்ள வீடுகளைப் பிடித்துக்கொண்டேன். புதுக்குடியிருப்பில் சின்னராசா அண்ணை வீடு. தர்மபுரத்துக்குள் நுழையும் இடத்தில் இராசேஸ்வரி வீடு. அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கணவனோடு வயல் செய்துகொண்டிருந்தது. சும்மா காற்றடித்துவிட்டுப் போக மனம் வராமல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மீனைக் கொடுத்தேன். நான் கொடையாளி என்று எனக்குள் ஒரு நினைப்பு.

சித்திரையில் ஒருநாள் மார்கிறட் விசுவமடுவில் சொந்தக்காரரைப் பார்க்க என்னோடு வந்தாள். புதுக்குடியிருப்பில் சின்னராசா அண்ணை படலையடியில் பம்மோடு நின்றார். பக்கத்தில் அவருடைய மனைவி சட்டியோடு நின்றா.

"தம்பி, இண்டைக்கு விளைமீன் இல்லையே?" என்று அண்ணை கேட்டார்.

மார்கிறட் அந்தச் சட்டியையும் என் மீன்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ரியூப்பைத் தண்ணிக்குள்ளை எப்பிடிப் பிடிச்சனீங்கள்? ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

கழற்றி, காற்றடித்து, வாளிக்குள் அமுக்கிக் காட்டினேன்.

"வால்வை ஏன் மேலை பிடிக்கிறியள்?"

"தண்ணி உள்ளை போயிடுமெல்லே."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தாள். மெல்லிய குமிழி ஒன்று ஊதி வெடித்தது. மூக்கு நீண்ட குறடு ஒன்றை எடுத்து வால்வின் உள்ளூசியை அரைச் சுற்று இறுக்கினாள். அவ்வளவுதான். இரண்டு மாதம் நான் விட்ட பிழை அந்த அரைச் சுற்று.

அடுத்த நாள் காற்று இறங்கவில்லை. சின்னராசா அண்ணைக்குக் கையைக் காட்டிவிட்டு நிற்காமல் போனேன். தர்மபுரத்தில் இராசேஸ்வரி ஒழுங்கைவரை ஓடி வந்து மறித்தாள்.

"அண்ணை, காத்தடிக்கேல்லையோ?"

"இனித் தேவையில்லை, தங்கச்சி. திருத்தியாச்சு."

"அது நல்லது அண்ணை" என்றாள். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பம்மைத் தூக்கிக்கொண்டு பின்வீட்டு வேலியடிக்குப் போய், "அக்கா, இந்தாங்கோ, இனிக் கேக்கமாட்டன்" என்று கொடுத்தாள். அது அவளுடைய பம்மே இல்லை. எனக்காக ஒவ்வொரு நாளும் இரவல் வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வீட்டு வாசலில் அவளுடைய இரண்டு பிள்ளைகள் என் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றன.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் ஒரு மீனை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். எனக்கோ ஒரு காரணம் தேவைப்பட்டது. "பொறு பிள்ளை, கொஞ்சம் குறைவுபோலக் கிடக்கு" என்று பம்மைத் திருப்பி வாங்கி, கல்லுப்போல இருந்த சில்லுக்கு அடிக்கத் தொடங்கினேன். உச்சி வெயில். ரயரோ பக்கவாட்டில் பிரிந்து தையல் போட்ட பழசு. பம் இறங்க மறுத்தது. நானும் விடவில்லை, முழு உடம்பையும் அதன்மேல் போட்டு அமத்தினேன்.

டமார்!

"செல்லடிக்கிறான்!" என்று கத்திக்கொண்டு இராசேஸ்வரி வளவில் எறிகணைக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் முதல் ஆளாகக் குதித்தது நான்தான். கையில் பம்மும் இருந்தது. சத்தம் என் காலடியில்தான் கேட்டது என்பதை யோசிக்க நேரமில்லை. எனக்குப் பிறகு பிள்ளைகள், அவள், பின்வீட்டு அக்கா எல்லாரும் என்மேல் வந்து விழுந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த செல்லுக்காகக் காத்திருந்தோம். நான் மாதாவைக் கூப்பிட்டேன். பின்வீட்டு அக்கா பிள்ளையாரைக் கூப்பிட்டா. கால்மணித்தியாலம் போனபிறகு இராசேஸ்வரி தலையை நீட்டிப் பார்த்தாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணை, வெளியிலை வாங்கோ. செத்தது உங்கடை ரயர்தான்."

ஏறி வந்து பார்த்தேன். ரயர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மோட்டார் சைக்கிள் சரிந்து பெட்டி கொட்டுண்டு, சூடை மீன் முழுக்கப் புழுதியில். ஒரு நாய் பாரை ஒன்றைக் கவ்விக்கொண்டு வயல்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஒவ்வொரு பங்கராகத் தலைகள் வெளியே வந்தன. முதலில் என்னை ஏசினார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு சட்டிகளோடு வந்தார்கள். அன்று அந்த ஒழுங்கையில் மீன் காய்ச்சாத குசினி இல்லை.

மோட்டார் சைக்கிளை இராசேஸ்வரியின் வளவில் விட்டுவிட்டு, அவளுடைய கணவனின் சைக்கிளை இரவல் வாங்கி மிதித்தேன். வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. நடந்ததை மார்கிறட்டிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பங்கருக்குள் நான் முதலில் குதித்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"அந்த இராசேஸ்வரிப் பிள்ளைக்கு மீன் கிடைச்சதோ?"

"கிடைச்சது."

"அப்ப சரி. இனிக் குடுக்கிறதெண்டால் சும்மா குடுங்கோ. காத்தடிக்கத் தேவையில்லை."

வேறு ரயர் ஒன்று கிடைக்க மூன்று கிழமை எடுத்தது. அதுவரைக்கும் நானும் சைக்கிளில்தான் மீன் கொண்டுபோனேன். தர்மபுரம் போய்ச் சேரும்போது, வெயிலில் பழுதாகும் மீனின் கண்ணைவிட என் கண்தான் சிவந்திருந்தது.