பத்தாவது பச்சைச் சீட்டு

இடைவேளை மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தலெந்தா டீச்சர் கரும்பலகையில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாளே தவிர, காது முழுக்க மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தது. யோஸ்ர் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா? முப்பது வருஷமாகப் பிள்ளைகளை வாயை மூடச் சொல்லியே தொண்டை வற்றிப்போன டீச்சர், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாள். அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

வகுப்பின் சட்டம் எளிது. ஒழுங்காக இருந்த நாளுக்கு ஒரு பச்சைச் சீட்டு. பத்துச் சீட்டு சேர்ந்தால், டீச்சரின் தகர டப்பாவிலிருந்து ஒட்டகமோ கப்பலோ பிடித்த படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தப்பு செய்தால் இடைவேளையில் வெளியே போக முடியாது. மேஜைமேல் கைகட்டி, பேசாமல், தின்னாமல் உள்ளேயே உட்கார வேண்டும். கெஃப் மலையிலிருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த அப்பா அம்மாக்களுக்கே இது மனப்பாடம்.

அக்டோபரும் நவம்பரும் முழுக்க யோஸ்ர் உள்ளேதான் கிடந்தாள். வாய் அப்படி. தலெந்தாவும் உள்ளேதான். ஆசிரியர் அறையில் எல்லாம் இளவட்டம். மாமியார் கதையும் குழந்தைக்குப் பல் முளைத்த கதையும் ஓடும். அம்மா இறந்ததிலிருந்து பூட்டிய வீட்டைத் தானே திறந்து தானே பூட்டுகிறவளிடம் பதிலுக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. முதல் நாள் கைகட்டியபடி யோஸ்ர் கேட்டாள்:

"நான் பேசினதுக்கு உள்ள இருக்கேன். நீங்களும் தினம் உள்ளயே இருக்கீங்களே, நீங்க என்ன தப்பு பண்ணீங்க டீச்சர்?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு தலெந்தா வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் மிளகாய் விழுதும் சூரைமீனும் வைத்த ரொட்டியை இரண்டு துண்டாகக் கொண்டுவந்தாள். யோஸ்ர் தின்றுகொண்டே, அப்பாவின் வண்டி சந்தைக்குப் போகும் வழியில் நின்றுபோனதையும் தம்பி தூக்கத்தில் பாடுவதையும் சொன்னாள். சட்டத்தை இருவருமே சௌகரியமாக மறந்துபோனார்கள்.

டிசம்பரில் மலேக் என்று ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள், கையில் ஒரு கயிற்றோடு. முற்றத்தில் கயிறாட்டம் தொடங்கியது. யோஸ்ரின் வாய்க்கு அன்றோடு பூட்டு விழுந்தது. ஒன்பது நாள், ஒன்பது சீட்டு. அந்த வாயாடியையே வழிக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே என்று தலைமையாசிரியர் நூரி மெச்சினார். தலெந்தா தலையாட்டினாள். இரண்டாவது ரொட்டித் துண்டு தினமும் பையிலேயே வீடு திரும்பியது.

இப்போது, மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், அழிப்பானைத் தேடிய யோஸ்ரின் முழங்கை பட்டு தகரப் பென்சில் பெட்டி தடாலென்று விழுந்தது. வகுப்பே டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. கை தவறியது என்று எல்லாருக்கும் தெரிந்தது. டீச்சருக்கும்தான்.

"யோஸ்ர், இடைவேளைக்கு நீ உள்ளயே இரு."

மணி அடித்தது. மலேக் வாசலில் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனாள். தலெந்தா ரொட்டியைப் பிரித்து ஒரு துண்டை யோஸ்ரின் முன்னால் வைத்தாள். அவள் தொடவில்லை.

"சாப்பிடும்மா."

"தண்டனையில சாப்பிடக் கூடாது டீச்சர்."

வெளியே கயிறு தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. யோஸ்ர் கட்டிய கையைப் பிரிக்காமல் மறுபடி பேசினாள்.

"பெட்டி தானா விழுந்துச்சு. நான் வேணும்னு தள்ளல."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் டீச்சர்?"

தலெந்தா டப்பாவைத் திறந்தாள். பத்தாவது பச்சைச் சீட்டை மேஜைமேல் வைத்து, படங்களை அவள் பக்கம் நகர்த்தினாள். யோஸ்ர் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில்தான் நின்றாள்.

"குளிருதே, கதவச் சாத்தட்டுமா டீச்சர்?"

"வேண்டாம். திறந்தே இருக்கட்டும்."

மலைக்காற்று உள்ளே வந்தது. கூடவே, முற்றத்தில் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் குரலும் வந்தது. தலெந்தா எழுந்துபோய், யாரும் தொடாத ரொட்டிக்கு முன்னால், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கைகளையும் மேஜைமேல் கட்டிக்கொண்டாள்.