நிர்வாகியின் அனுமதி

போன அக்டோபரில் வெண்டல் ஹாகன் எங்கள் கர்லிங் கிளப்புக்கு, அதாவது பனியில் கல்லைச் சறுக்கி ஆடும் எங்கள் கிளப்புக்கு, செயலாளர் ஆனான். "கம்ப்யூட்டர் விஷயத்தையெல்லாம் எங்கிட்ட விட்டுடுங்க" என்று கூட்டத்தில் அவன் சொன்னதுதான் ஒரே தகுதி. இருபத்துநாலு அணிகள், நாலு பனித்தளங்கள். எந்த நாளில் யாரோடு யார் ஆடுவது என்று அட்டவணை போட வேண்டும். அதற்கென்றே ஒரு புரோகிராம் உண்டு என்று கேள்விப்பட்டு, இணையத்திலிருந்து இறக்கினான்.

இறங்கியது. ஏறவில்லை.

தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். வெண்டல் உடனே அதை மூடிவிடுவான். இறங்கியதே கோளாறாக இருக்கும் என்று மறுபடி இறக்கினான். இப்படி ஒன்பது முறை. வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தான், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டுப் பார்த்தான். பத்தாவது முறைதான் பெட்டியில் இருந்ததைப் படித்தான்: 'இதை நிறுவ நிர்வாகியின் அனுமதி தேவை.'

நிர்வாகி என்றால் கிளப் தலைவி பெர்னிஸ்தானே? போன் போட்டான்.

"என்னையா கேக்குது?" என்றாள் பெர்னிஸ். எழுபது வயதில் முதல்முறையாக ஒரு இயந்திரம் அவளுக்கு மரியாதை கொடுக்கிறது. "நான் மட்டும் சரின்னா நல்லா இருக்காது. கமிட்டியைக் கூட்டு."

செவ்வாய்க்கிழமை ஏழு பேர் கூடினோம். காபி, டோனட். நான் முன்மொழிந்தேன், ஏகமனதாக நிறைவேறியது. வெண்டல் வீட்டுக்குப் போய்த் தட்டினான். அதே பெட்டி.

வேறு வழியில்லாமல் முன்னாள் மனைவி லோர்னாவுக்குப் போன் போட்டான். விவாகரத்தாகி நாலு வருடம் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி அமைத்துக் கொடுத்தவள் அவள். அவளும் எங்கள் கிளப்பில் ஆடுகிறவள்; நடந்ததை அவளே எங்களிடம் சொன்னாள்.

"கமிட்டி தீர்மானமே போட்டாச்சு, லோர்னா. அப்பவும் அசைய மாட்டேங்குது."

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"நிர்வாகி பெர்னிஸ் இல்லப்பா, நான். அந்த மெஷினை என் பேர்லதான் ஆரம்பிச்சேன். பாஸ்வேர்டு கேக்குதா பாரு."

"கேக்குது. என்ன?"

"மொதல்ல படி."

"படிச்சாச்சு. பாஸ்வேர்டு போடுங்குது."

"அதான், மொதல்ல படி."

"படிச்சிட்டேன்னு சொல்றேன்ல! அப்பவும் இப்படித்தான் உயிரை வாங்குவே."

"வெண்டல், பாஸ்வேர்டே அதுதான். இடம் விடாம சேத்து அடி."

அந்தப் பக்கம் ஒற்றை விரலால் தட்டும் ஒலி. நாலே நிமிடத்தில் புரோகிராம் ஏறிவிட்டது.

வெண்டலுக்கு ரோஷம் வந்தது. இனி தானே நிர்வாகியாக இருக்க வேண்டும் என்றான். லோர்னா வழி சொன்னாள், மாற்றிக்கொண்டான். வினை அங்கே ஆரம்பித்தது. இப்போது எதற்கெடுத்தாலும் கம்ப்யூட்டர் அவனைத்தான் கேட்கிறது: 'அனுமதிக்கிறீர்களா?' ஆமாம் என்றால் ஏதாவது கெட்டுவிடுமோ, இல்லை என்றால் ஏதாவது நின்றுவிடுமோ? ஒவ்வொரு முறையும் லோர்னாவுக்குப் போன் பறக்கிறது.

"பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தினோம்," என்றாள் அவள், கிளப்பில் ஆட்டத்துக்குக் காலணியை மாட்டிக்கொண்டே. "படகு வாங்கினப்பகூட என்னை ஒரு வார்த்தை கேக்கல. இப்ப பிரின்டருக்கு ஆமா சொல்லவா வேணாமாங்கிறான்."

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"வேணாம்னுட்டேன். சும்மாதான்."

ஆகவே இந்தப் பருவத்து அட்டவணை எங்கள் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது, இருபத்துநாலு அணிகளும் வெண்டலின் கையெழுத்தில்.