போடிலின் இடது இமை

காதுக்குப் பின்னால் மண்டைக்குள் வளர்ந்த கட்டியை எடுத்த பிறகு போடிலின் முகம் இடது பக்கம் அசைவற்றுப் போனது. வாய் கோணியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இடது கண் மூடாததுதான் பெரும்பாடாகிவிட்டது. ஃபானோ தீவில் சைக்கிளில் தபால் கொடுப்பது அவள் வேலை. அங்கே காற்று மணலை அள்ளிக்கொண்டுதான் வீசும்.

கணவன் லௌஸ்ட் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவான். படுக்கும் முன் களிம்பிட்டு இமையை ஒட்டிவிடுவான்.

"இமைக்குள்ள சின்னதா எடை வெச்சுத் தைச்சா கண்ணு தானா மூடும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே. போய்த்தான் பாப்போமே" என்றான் ஒருநாள்.

"சிரிப்பே திரும்பாதாம். இமை மூடி என்ன ஆகப்போகுது? விடு."

அவனும் விட்டுவிட்டான். ஆனால் ஒரு காலையில் ஒட்டியிருந்த இமையைப் பிரித்தவன் குனிந்து உற்றுப் பார்த்தான். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"வலிக்குதா?"

"இல்லையே."

"கிளம்பு. அடுத்த படகுக்கே போறோம்."

அக்கரையில் எஸ்பியர் நகரத்தின் கண் மருத்துவர் மெரெத்தெ, சிரிப்பு போனதைப் போடில் சொல்லச் சொல்ல, கண்ணை நெடுநேரம் பார்த்தார். "கண்ணுல உணர்ச்சி இல்ல, அதான் வலிக்கல. எனக்குப் பயமே அதுதான். சிரிப்பைப் பத்தி அப்புறம் பேசுவோம் போடில். இப்பப் பார்வையைக் காப்பாத்தணும்."

அன்றே இடது கண்ணின் மேலிமையையும் கீழிமையையும் ஓரத்தில் சேர்த்துத் தைத்தார். கருவிழிப் புண் ஆறியதும் தையலைப் பிரித்து, சின்னச் சின்னத் தங்கத் தகடுகளை இமை மேல் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். லேசானதில் கண் மூடவில்லை, கனமானதில் திறக்கவில்லை. சரியானது கிடைத்ததும் நாள் குறித்தார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் அறுவை. பாதியில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள்.

"கண்ணை மூடுங்க."

விளக்கொளி மறைந்தது. இரண்டு கண்ணிலும் இருட்டு. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

"போதும், திறங்க" என்றார் மெரெத்தெ சிரித்துக்கொண்டே.

வெளியே காத்திருந்த லௌஸ்டிடம், "நீ ஒரு மோதிரத்தோட நிறுத்திட்ட. இவங்க கண்ணுக்கே தங்கம் போட்டுட்டாங்க" என்றாள். 

மறுபடி சோதனைக்குப் போனபோது மெரெத்தெக்குப் புகையூட்டிய தட்டைமீன் கொண்டுபோனாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நான் தைச்சேன், அவ்வளவுதான். தினம் உங்க கண்ணைப் பாத்தவரு அதோ, ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு நிக்கறாரு."

திரும்பும் படகில் போடில் மேல்தளத்திலேயே நின்றாள். உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. வலது இமை மூடியது. கொஞ்சம் தாமதமாக இடதும் மூடியது. பக்கத்தில் நின்றவனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.