கிரகம் இல்லாத கல்

மோதிரத்தை வன்னியபெருமாள் தொடவில்லை. பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் மருமகள் பாலம்மாளின் முந்தானை முடிச்சில்தான் அது வந்தது. கல் வியாபாரி அய்யாத்துரையின் கடையில் அவளே முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

அவளுடைய அப்பா கொழும்பில் ரத்தினக் கடையொன்றில் வேலை பார்த்து, ஊர் திரும்பும்போது கொண்டுவந்த சிவப்புக் கல். மாணிக்கம் என்றுதான் அவரும் நம்பினார். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை சங்கரபாண்டி விரலில் போட்டார்கள். கார்த்திகையில் பருத்திக்காட்டில் விரியன் கடித்து அவன் போய்விட்டான். மாணிக்கம் சூரியனுடைய கல், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, தலையணைக்கடியில் சில நாள் வைத்துப் பார்க்காமல் போட்டதுதான் வினை என்றார் ஜோசியர். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி.

பாலம்மாளுக்கு அந்தப் பேச்சு எவ்வளவோ தேவலை. பழியெல்லாம் கல்லின்மேல் விழுந்ததால் அவள் பிழைத்தாள். அவள் வந்த நேரம் சரியில்லை என்று யாரும் வாயெடுக்கவில்லை. இப்போது கொழுந்தன் தவசிக்குப் பெண் பார்க்கிறார்கள். அதற்குள் கல்லை விற்றுத் தொலைத்துவிட்டால் அவள் அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மாமனார் சொல்லியிருந்தார். அப்பாவும் செத்துப்போனார், விளாத்திகுளத்தில் பிறந்த வீடு இப்போது அண்ணியின் ராஜ்ஜியம்.

அய்யாத்துரை ஒரு சின்னக் குழாய் வழியாகக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனால் வருகிற கேட்டுக்குத்தான் பரிகாரமே கிடையாது.

"அண்ணாச்சி, இது மாணிக்கம் இல்ல. ஸ்பைனல்னு வேற கல்லு. மாணிக்கம்னா இந்தக் குழாய்க்குள்ள ரெண்டு சிவப்பு தெரியும். இது எப்படித் திருப்புனாலும் ஒரே சிவப்பு."

கண்ணாடியும் இல்லை, மாணிக்கம் கிடைக்கிற மண்ணிலேயே கிடைப்பதுதான் என்றார். பெரிய பெரிய ராஜாக்களே மாணிக்கம் என்று நம்பி நூற்றுக்கணக்கான வருஷம் கிரீடத்தில் வைத்திருந்தார்களாம். அவள் அப்பா ஏமாந்ததில் என்ன அதிசயம் என்று சிரித்தார். பிறகு, ஆறுதலாகத்தான் சொன்னார்:

"பயப்படாதிய. நவரத்தினத்துல இது இல்ல. எந்தக் கிரகத்துக்கும் சொந்தமில்ல. நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது."

"அப்பம் எம்மவனை இந்தக் கல்லு ஒண்ணும் செய்யல?"

"கல்லு என்ன அண்ணாச்சி செய்யும்?"

பாலம்மாள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "மாமா, இவியளுக்குச் சரியாத் தெரியல. இது மாணிக்கந்தான். எங்கய்யா பொய் சொல்ல மாட்டாவ," என்றாள். வன்னியபெருமாள் மோதிரத்தைச் சாதாரணமாகக் கையில் எடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

பஸ் ஸ்டாண்டில் பசுவந்தனை பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டிப்போய் விளாத்திகுளம் பஸ்ஸில் அவளை ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார். கீழே இறங்கிப்போய் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"வெறுங்கையோட போகப்புடாது, தாயி."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். எப்போது கூட்டிக்கொண்டு போக வருவீர்கள் என்று கேட்டாள். அவர் டிரைவர் வந்துவிட்டாரா என்று பார்த்தார்.

பஸ் நகர்ந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். வன்னியபெருமாள் தண்ணீர்க் குழாயடியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரைக்கும் கால் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.