எடுத்துட்டுப் போன பிளேன்

'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பூவிழி பிளேடைக் கீழே வைத்துவிட்டு, சுண்டுவிரல் நீளமே இருந்த அந்தக் கண்ணாடி மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் ஓடியது.

கையடக்க மாதிரி விமானம் ஒன்றில் விமானி உட்காருகிற இடத்தை மூடும் கண்ணாடி அது. பேருக்குத்தான் கண்ணாடி, மெல்லிய பிளாஸ்டிக்தான். ஆனால் பெட்டியில் வந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பெட்டியை விற்ற கம்பெனியோ கடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பல வருடம் ஆகிறது.

"என்னாச்சு பூவி?" என்று அடுப்பங்கரையிலிருந்து கேட்டான் அவள் கணவன் மதியழகன்.

"போச்சுங்க."

அவன் வந்து குனிந்து பார்த்தான். "பசை போட்டு ஒட்டினா?"

"வெள்ளையா பூத்துரும். எங்கப்பாவுக்கு மொதல்ல அதுதான் கண்ணுல படும்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். உடம்பு முடிந்துவிட்டது, இறக்கை முடிந்துவிட்டது, பெயிண்ட் காய்ந்துவிட்டது. இந்த மூடி ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அவள் அப்பா பச்சியப்பனுக்குச் சேலத்தில் இருதய ஆபரேஷன். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த விமானத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாக வேண்டும். அம்மா தங்கம்மாள் போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்: "பொழச்சுக்குவாருன்னுதாங் கண்ணு டாக்டரு சொல்றாரு. ஆனா ஒடம்பு, சொல்ல முடியாதுங்கறாரு. யாரும் வந்து பாக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. யாரும்னா யாருன்னு உனக்கே தெரியும்."

தெரியாமல் என்ன. நான்கு வருடமாக அப்பா அவளோடு பேசவில்லை. தர்மபுரியில் பல் செட் செய்கிற ஒரு லேபில் வேலை கிடைத்து, இண்டூரைத் தாண்டி இருந்த ஊரிலிருந்து ஒகேனக்கல் பஸ்ஸில் தினமும் போய் வந்துகொண்டிருந்தவள், அந்த பஸ்ஸின் கண்டக்டரையே கட்டிக்கொண்டாள். மதியழகன் வேறு சாதி. ஊர் கொதித்தது. பச்சியப்பன் அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டு, தர்மபுரிக்குப் போவதென்றால் அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார்.

அவருக்குக் கோபம் மகள் போனதில் பாதி, அவள் எடுத்துக்கொண்டு போனதில் பாதி. வீட்டை விட்டுப் போகிற பெண் நகையை எடுப்பாள். பூவிழி எடுத்தது இந்தப் பெட்டியை. போலீஸ் ஸ்டேஷனில், என்னென்ன காணவில்லை என்று கேட்டபோது பச்சியப்பன், "நகை நட்டு ஒண்ணும் போகலீங்க. எம் பிளேன் போயிருச்சு" என்றாராம். ஏட்டு சிரித்துவிட்டார். பச்சியப்பன் சிரிக்கவில்லை.

அவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். ஜோத்பூர் மணலில், மாருத் என்று நம் நாட்டிலேயே கட்டிய பழைய போர் ஜெட்டுகளைத் தட்டிக் கழற்றி மாட்டியே இளமையைக் கழித்தவர். ஓய்வுபெற்று வந்து தக்காளி போட்ட பிறகும், யாரோ நண்பர் மூலம் அந்த மாருத்தின் சிறிய மாதிரியைச் செய்கிற பெட்டி ஒன்றை வரவழைத்தார். கடையில் விற்கிற பொம்மை போல அடுக்கி ஒட்டிவிடக்கூடிய சாமான் இல்லை அது. பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் இளக்கி, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் படிய வைத்திருப்பார்கள். வெள்ளைத் தாளில் பாதி உடம்பும் பாதி இறக்கையும் இட்லித் தட்டில் வெந்த மாதிரி மேடு மேடாக நிற்கும். சுற்றிலும் பேனாவால் கோடு போட்டு, பிளேடால் கீறி, ஒடித்து எடுத்து, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். தேய்ப்பு குறைந்தால் விமானத்துக்குத் தொப்பை விழும், கூடினால் சவலைப் பிள்ளையாகிவிடும். அப்பனும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹால் தரையில் உட்கார்ந்து தேய்த்தார்கள். பாதியில்தான் எல்லாம் நடந்துவிட்டது.

வெறுங்கையோடு போனால் அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பிளேனோடு போனால் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. பார்த்தால் ஒரு வார்த்தையாவது வரும், திட்டாகவேனும் வரட்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவர் ஆபரேஷன் டேபிளில் போய்ப் படுத்துவிட்டால், அதற்குப் பிறகு தான் என்ன ஆவோம் என்று நினைக்கவே பூவிழிக்குப் பயமாக இருந்தது.

அவள் உடைந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று அதைக் குழிவுப் பக்கம் மேலே வருமாறு மல்லாக்க வைத்தாள். லேபில் வாய் அளவு இப்படித்தான் வரும், குழியாக. அதில் மாவு ஊற்றினால் பல் வரிசை எழுந்து வரும். இதுவும் ஒரு அளவுதானே.

சனிக்கிழமை மதியம், லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், விரிசலை மெழுகால் அடைத்து, பல் மாவைக் கரைத்து ஊற்றினாள். இறுகியதும் மூடியை உரித்து எடுத்தால் உள்ளே அப்படியே அச்சு. பற்களுக்கு மெல்லிய உறை இழுக்கிற மெஷின் அங்கே உண்டு. விமானப் பெட்டியைச் செய்த அதே வித்தைதான், அளவு மட்டும் சிறியது. லேபை நடத்துகிற டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "அந்த மெலிசுத் தாளு ரெண்டுதான் மீதி இருக்குது. எடுத்துக்கோ, கெடுத்துக்காத" என்றிருந்தார்.

முதல் தாள் சூட்டில் தொய்ந்தது. கைப்பிடியை இறக்கினாள். மெஷின் உறுமியது, தாள் அச்சின் மேல் கப்பென்று படிந்தது. ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பொடிப் பொடியாகக் கொப்புளம். மாவு காயவில்லை. ஈரம் ஆவியாகி ஏறியிருக்கிறது. முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடச் செய்யாத தப்பு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா?

அச்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அப்போது அம்மாவின் போன்.

"உங்க சித்தப்பன் வந்திருக்கறான். நாளைக்கும் இங்கதான் இருப்பான் போலருக்குது. பசங்களும் கூட. நீ வந்தாலும் வா, மாப்பிள்ளைய ஊருக்குள்ள கூட்டிட்டு வராத கண்ணு. போன தடவ மாதிரி ஆயிரப் போகுது."

போன தடவை என்றால், கல்யாணமான புதிதில் சித்தப்பாவும் பையன்களும் பஸ்ஸை நிறுத்தி மதியழகனை இழுத்துப்போட்டு அடித்தது. அவனுக்கு இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. பூவிழி போனை வைத்துவிட்டு அச்சைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சில்லென்றிருந்தது. திருப்பி வைத்தாள். எழுந்து ஓடிப்போய் மெஷினில் வைத்துவிடலாம் என்று கை துடித்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது தாள் தெளிவாக விழுந்தது. பிளேடால் வெட்டத் துணிவில்லை. பல் ராவுகிற சின்ன மெஷினை மெதுவாக ஓட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஓரம் ஓரமாகப் பொடித்து எடுத்தாள். ஒட்டியதும் விமானத்துக்கு முகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கேக் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து விமானத்தை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். ஊருக்குப் பிரிகிற ரோட்டில், டீக்கடை முன்னால் மதியழகன் வண்டியை நிறுத்தினான்.

"நீ போ. நான் இங்கயே இருக்கறன். எதாச்சும்னா போன் பண்ணு."

"நீங்க தர்மபுரிக்கே போயிருங்க."

"போ பூவி" என்றான் அவன், கடைக்குள் பார்த்துக்கொண்டே.

தெருவில் அவள் வர வர வாசல்களில் பேச்சு நின்றது. வீட்டெதிரே சிறு பாலத்தின் மேல் சித்தப்பா பையன்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கேக் பெட்டியைப் பார்த்து, "பொறந்த நாளா?" என்றான். அவள் பெட்டி ஆடாமல் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

உள்ளே பச்சியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். சித்தப்பா மாரியப்பன்தான் எழுந்து குறுக்கே வந்தார்.

"யாரக் கேட்டு உள்ள வர்ற?"

"எடுத்துட்டுப் போனதக் குடுக்க வந்தன் சித்தப்பா."

"வேற ஆளுங்க வூட்டுக்குப் போனவளுக்கு இங்க என்ன குடுக்கல் வாங்கல்?"

அந்தப் பக்கத்தில் 'வேற ஆளு' என்றால் வேறு சாதி என்று குழந்தைக்கும் தெரியும். பூவிழி அதைக் காதில் வாங்காதவள் போல ஸ்டூலின் மேல் பெட்டியை வைத்துத் திறந்தாள். பச்சியப்பன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கோ அணை திறந்த செய்தி ஓடியது. அது முடிந்து விளம்பரம் வந்தது. விளம்பரமும் முடிந்தது. பூவிழி நின்றுகொண்டே இருந்தாள். இனிமேல் வராது, அவ்வளவுதான் என்று அவள் மனம் விட்டுப்போன நேரத்தில் அவர் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோய், மேலே சட்டையே இல்லை என்பது தெரிந்து, "எம் மூக்குக் கண்ணாடி எங்க?" என்றார் மனைவியிடம்.

தங்கம்மாள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். அவர் விமானத்தை வயிற்றில் பிடித்துத் தூக்கினார். திருப்பினார். சக்கரத்தின் காலை நகத்தால் நெருடினார்.

"என்ன கம்பி இதுன்னு கேளு தங்கம்மா."

"பல்லுக்குக் கிளிப்பு போடற கம்பிப்பா" என்றாள் பூவிழி.

"ம். இந்த மூடி பொட்டியில வந்தது இல்ல."

"ஒடஞ்சிருச்சுப்பா. நானே இழுத்துப் போட்டன்."

அவர் விமானத்தின் மூக்கைக் கண்ணருகே கொண்டுபோய், ஒரு கண்ணை மூடி, பின்பக்கம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்.

"வாலு சாஞ்சிருக்குது. ஒரு நூலு."

"அதானே" என்றார் மாரியப்பன். "உருப்படியா எத செஞ்சா இவ?"

"யாரு ஒட்டினது?" என்று கேட்டார் பச்சியப்பன்.

பூவிழி அந்த வாலைப் பார்த்தாள். "நீங்கப்பா."

அவள் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒட்டியது. சாய்ந்திருப்பது அவளுக்கும் தெரியும். எத்தனையோ தடவை பிளேடை வைத்திருக்கிறாள், வைத்த வேகத்தில் எடுத்திருக்கிறாள்.

"தெரிஞ்சுமா வுட்ட? மத்ததயெல்லாம் பிரிச்சு மேஞ்சிருக்கற?"

"நீங்க ஒட்டினத நான் எப்பிடிப்பா பிரிப்பன்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு வருட அழுகை, அதை அடக்க அவள் முயலவுமில்லை.

பச்சியப்பன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"தப்பா மாட்டிப்புட்டு அதுதான் சரின்னு ஒக்காந்திருந்தம்னா, மேல போறவன் செத்துருவான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "பிளேடு எடு."

"நாளைக்கு ஆபரேஷனுங்க, சாயந்தரம் சேலத்துக்குக் கெளம்போணும்" என்றாள் தங்கம்மாள்.

"அதுக்குத்தான் இன்னிக்கே. நாம் புடிக்கறன், இவ ஒட்டட்டும். நேரா நிக்குதான்னு பாக்கறதுக்கு ஒருத்தன் வேணும்."

"நாம் பாக்கறண்ணா" என்றார் மாரியப்பன்.

"நீ ஆகாது. வேல செஞ்சவனே செக் பண்ணக் கூடாது. அவங் கூடவே நிக்கறவனும் பண்ணக் கூடாது, கண்ணு தப்பக் காட்டாது. வேற ஆளுதான் பாக்கோணும். பிளேன் நிறுத்தற எங்க ஹேங்கர்ல அதான் ரூலு."

வேற ஆளு என்ற வார்த்தை அந்த ஹாலில் அப்படியே நின்றது.

"உம் வூட்டுக்காரன் எங்க?" என்று கேட்டார் பச்சியப்பன், நேராக மகளைப் பார்த்து.

"ரோட்டுல, டீக்கடைலப்பா."

"கண்ணு நல்லாத் தெரியுமா அவனுக்கு?"

"தெரியும்பா." காதுதான் கேட்காது என்பதை அவள் சொல்லவில்லை.

"கூப்புடு."

போனை எடுத்தவள் வாசலைப் பார்த்தாள். பாலத்தின் மேலிருந்த இருவரும் எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் விரல் நகரவில்லை. பச்சியப்பனும் அவள் பார்த்த திசையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார்.

"தங்கம்மா, சட்டைய எடு."

"நடக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

"டீக்கடை வரைக்குந்தான். சட்டைய எடு."

மகளின் தோளில் கைவைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். அந்தக் கை சூடாக, எலும்பாக இருந்தது. பாலத்தருகே வந்ததும் நின்றார். பையன்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். பாதித் தெருவில் மூச்சு வாங்க இன்னொரு தடவை நின்றார். "போதும்பா, திரும்பிரலாம்" என்றாள் பூவிழி. அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

டீக்கடையில் மதியழகன் அவர்களைப் பார்த்துவிட்டு எழுந்தான். கையிலிருந்த கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பச்சியப்பன் அவன் முன்னால் வந்து நின்று, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சைத் தேற்றினார்.

"வாப்பா" என்றார். "வூட்டுல ஒரு வேல இருக்குது."