பொய் இமை

எழுபத்து மூன்றில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு சினிமா எடுத்தார்கள். கதாநாயகிக்குப் பின்னால் கூடை சுமந்து நடக்கக் குப்பத்துப் பூவாயியைப் பிடித்தார்கள். மேக்கப்காரர் அவளுக்குப் பொய் இமைமுடிகளைப் பிசின் வைத்து ஒட்டினார்.

"நாளைக்கும் இதே கண்ணு வேணும். தண்ணி படக் கூடாது. நீயா பிய்க்காதே, நான்தான் எடுப்பேன்" என்றார்.

பூவாயி முகம் கழுவவில்லை. மல்லாந்தே தூங்கினாள்.

விடிந்ததும், இரவு மீன் பிடிக்கப் போன அவள் அண்ணன் காத்தவராயனின் உடலைக் கடல் கரையில் ஒதுக்கியது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். இரவல் இமைகளை நனையாமல் ஒப்படைத்துவிட்டு வந்து அழலாம் என்று, பூவாயி மட்டும் அண்ணாந்து வானத்தைப் பார்த்து நின்றாள். அண்ணி சாந்தா கை நீட்டியும் குனியவில்லை.

"கூடப் பொறந்தவன் பூட்டான், இவ ஷோக்கு காட்டிகினு நிக்கிறா" என்றாள் சாந்தா.

பாடை போனதும் பூவாயி ஓடினாள். படக்காரர்கள் அதிகாலையிலேயே மூட்டை கட்டியிருந்தார்கள். அந்த நாசமாய்ப் போன இமைகளைப் பிய்த்தெறிந்தாள்; சொந்த முடியும் சேர்ந்து வந்தது.

கண்ணீர் வழிய வீடு திரும்பி, அண்ணியின் எதிரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சாந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.