சந்தனம் பூசிய மேரோ

வேன் ஆல்டமான்ட் மேட்டில் ஏறும்போது பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

கயல் நடு சீட்டில் உடம்பைத் திருப்பி உட்கார்ந்து, சான் ரமோனில் கிளம்பியதிலிருந்தே ஒரு கையைக் காயின் மேல் வைத்திருந்தாள். பழைய மெத்தையில் படுக்கவைத்து, போர்வை சுற்றி, கயிறு போட்டு இறுக்கிய காய். படுத்திருக்கிற பன்றி அளவுக்கு இருந்தது.

"அப்பா, ஸ்லோ பண்ணுங்க."

"அம்பதுலதான் கண்ணு போறேன். இதுக்கு மேல மெதுவா போனா பின்னாடி வர ட்ரக் நம்ம மேலயே ஏறிடும்."

"ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"அது என் வளையல்டி," என்றாள் முன் சீட்டில் இருந்த பக்கத்து வீட்டு ருக்மிணி ஆன்ட்டி. நிரூபிக்கிற மாதிரி கையை ஒருமுறை ஆட்டிக் காட்டினாள். வளையல்கள் கலகலத்தன.

கயல் கேட்டது கலகலப்பு இல்லை. ஒற்றைச் சத்தம். வளையல் கதவில் ஒரே ஒருமுறை இடித்தாலும் அப்படித்தான் கேட்கும் என்று மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். முடியவில்லை. போர்வையை விலக்கிப் பார்க்கலாம் என்றால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. விரிசல் இருந்த இடம் முழுக்கக் கெட்டியாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கட்டைவிரல் நகம்.

கயல் வளர்த்தது மேரோ, சுரைக்காய் மாதிரி ஒரு காய். சுக்கினிக்கு அண்ணன்காரன். கொடிக்கு ஒரே ஒரு காயை மட்டும் விட்டு, மற்ற பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிப் போட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் தீனி போட்டுக்கொண்டே இருந்தால் அது ஊதிப் பெருக்கும். அப்படி வளர்த்ததை எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நர்சரியில் கொண்டுவந்து எடை போடுவார்கள். போன வருஷம் கயலின் காய் பாதியில் அழுகிப்போனது. இந்த வருஷம் பிஞ்சுக்கு அடியில் மணல் பரப்பி, மேலே துணியில் நிழல் கட்டி, தானே மகரந்தம் தொட்டு வைத்து, ஒரு பார்ட்டிக்கும் போகாமல் அதன் பக்கத்திலேயே கிடந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டில் பாட்லக் விருந்து. தோட்டத்துக்கு வந்த ருக்மிணி ஆன்ட்டி, கறிகாய்க் கடையில் சுரைக்காய் பொறுக்குகிற அதே கையோடு, யாரிடமும் எதுவும் கேட்காமல், பளபளவென்றிருந்த அந்தத் தோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள்.

"முத்திப்போச்சு," என்றாள். "கூட்டுக்கு ஆகாது."

நகம் எடுத்த இடத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். அதில் முத்துமுத்தாகப் பால் கசிந்தது. கயல் துணியால் அதை ஒற்றி எடுத்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் அழுகை வந்தது.

கடையில் கிடக்கிற சுரைக்காய்க்கு நகக்குறி ஒன்றும் செய்யாது. கொடியில் இருக்கிற காய் நாளுக்கு நாள் வீங்கும், தோல் இழுபடும், இழுபடுகிற தோலில் கீறலும் கூடவே நீளும். பிறை வளர்ந்து சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. கயல் டேபிள் ஃபேனை இழுத்துவந்து அதன் பக்கம் திருப்பிவைத்து ஈரம் காயவைத்தாள். தண்ணீரைக் குறைத்தாள்.

"அறுத்து வெச்சிரு கண்ணு," என்றார் அப்பா மயில்சாமி. "இருக்கற வெயிட் போதும். நீளாம நிக்குமல்ல."

"மாட்டேன். இன்னும் க்ரோ ஆகுது."

"க்ரோ ஆகி ரெண்டா பொளந்துச்சுன்னா?"

"பொளக்கட்டும்."

அவள் அப்படிப் பேசுகிற பெண் இல்லை. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பாவுக்கும் அவளுக்கும் ஒரு பேச்சு இருந்தது. காய் தராசில் ஏறி எடை சொல்லப்பட்டால் தோட்டம் அவளுக்கு. ஏறாவிட்டால் திங்கட்கிழமை ஆள் வந்து அந்த இடத்தில் கான்க்ரீட் கொட்டி, பேட்டியோ என்று உட்காரும் தளம் போட்டுவிடுவார். அதன்பிறகு கயல் சனி, ஞாயிறில் தோட்டத்துக்குப் பதில் டெஸ்ட் பிரெப் கிளாஸுக்குப் போக வேண்டும். எவ்வளவு எடை என்பது பேச்சில் இல்லை. ஏறினால் போதும். ஆனால் ஓட்டை உள்ளே விதை இருக்கிற குழி வரைக்கும் போயிருந்தால் தராசில் ஏற்றவே மாட்டார்கள் என்பது போட்டியின் விதி. மேல் தோலில் எத்தனை தழும்பு இருந்தாலும் பரவாயில்லை.

இன்று விடிந்ததும் ஆன்ட்டி ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். "நான் கெடுத்ததை நானே சரி பண்றேன்," என்று சொல்லி, புது காருக்குப் பூசுகிற மாதிரி விரிசலின் மேல் சந்தனத்தை அப்பினாள்.

"ஆன்ட்டி, ஜட்ஜ் பாப்பாரு."

"பாக்கட்டுமே. இட்ஸ் அவர் கஸ்டம்னு சொல்லு. சாமி சமாச்சாரம்னா அவனுங்க விரல் கூட வெக்க மாட்டானுங்க."

கயல் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏறிடுச்சுன்னா ஆளை வரவேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார். "நீயே வாயைத் தொறந்து கெடுத்துக்கிட்டா, அது உன் பாடு."

நர்சரியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பூசணிகளை ஃபோர்க்லிஃப்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதிவு மேசையில் இருந்த அம்மாள் கயலைப் பார்த்ததும் சிரித்த முகமாக, பலூன் கட்டியிருந்த குழந்தைகள் மேசையைக் காட்டினாள்.

"ஓப்பன் கிளாஸ்," என்றாள் கயல். குரல் கீச்சென்று வந்தது. திரும்பவும் சொன்னாள். "நான் பெரியவங்களோட ஓப்பன் கிளாஸ்லதான் என்டர் பண்ணிருக்கேன்."

நாலு பேர் சேர்ந்து மேரோவைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள். சுற்றி நின்றவர்களில் தொப்பி போட்ட ஒரு கிழவர் விசிலடித்தார். கயலின் காதுவரைக்கும் சூடேறியது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் அத்தனை நாள் மண்ணில் கிடந்தாள்.

ஜட்ஜின் பெயர் கார்ல். காயைச் சுற்றிவந்து அடியில் கைவிட்டுப் பார்த்தார். காம்பை முகர்ந்தார். சந்தனத்துக்கு முன்னால் வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இதைத் தொடலாமா?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார்.

"நோ, நோ. ஹோலி, சார்," என்றாள் ருக்மிணி ஆன்ட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

கார்ல் தலையசைத்தார். ஒரு அடி பின்வாங்கி, தூக்குகிறவர்களுக்குக் கை காட்டினார். தராசுக்குத் தூக்கும் பட்டை காயின் அடியில் போனது. ஆன்ட்டி சொன்னது அப்படியே நடந்தது. ஒருவரும் விரல் வைக்கவில்லை.

கயல் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இன்னும் ரெண்டு நிமிஷம். அந்த மரியாதைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய காயைப் பார்க்க வந்த மனிதர், அதைப் பார்க்காமலே ஒதுங்கி நிற்கிறார்.

"வெயிட்," என்றாள்.

"அம்மிணி." அப்பா தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டால் நிறுத்து என்று அர்த்தம்.

கயல் ஹூடியின் கையை விரல்வரைக்கும் இழுத்துக்கொண்டு சந்தனத்தைத் துடைத்தாள். காய்ந்திருந்தது, பொடிப்பொடியாக உதிர்ந்தது. குங்குமம் சட்டைக் கையெல்லாம் அப்பிக்கொண்டது. அடியில் விரிசல், சுண்டுவிரல் நீளம், நடுவில் கறுத்து.

"பைத்தியமாடி உனக்கு? சாமி பொட்டை அழிக்கற?"

"சாமி எங்க ஆன்ட்டி இதுல? நீங்க நகம் வெச்சீங்க, அப்புறம் அதை மூடினீங்க. அவ்ளோதான்."

ருக்மிணி ஆன்ட்டி கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கயலு, நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும்பா. பாக்கத்தானே வளத்தேன்." கையில் மிச்சமிருந்த சந்தனத்தை உதறினாள். "கான்க்ரீட் கொட்டறதுனா கொட்டிக்கோங்க. ஒளிச்சு வெச்சு ஏத்த மாட்டேன். ஏறினா இதோட ஏறட்டும்."

அப்பா சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கார்லுக்குத் தமிழ் புரியவில்லை, நடந்தது புரிந்தது. குனிந்து விரிசலில் டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தவர், யோசித்துவிட்டு மறுபடியும் பையிலேயே வைத்தார்.

"வெளிச்சம் ஒரு வளைவோட நின்னுடுது," என்றார். "கம்பியை விட்டுப் பார்த்தா, மிச்சமிருக்கிற சதையை நானே குத்தினவனா ஆயிடுவேன். இப்படி இருந்தா இங்கே வளர்த்தவங்க சொல்றதை ஏத்துக்குவோம். மூடியிருந்ததை நீயே துடைச்சுக் காட்டினே. நீ என்ன சொன்னாலும் நான் நம்பறேன்."

பட்டையைப் பிடித்திருந்த நாலு பேரும் தூக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. தொப்பிக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு. உள்ளே வரைக்கும் போயிருக்கா?"

கயல் விரிசலின் மேல் விரலை வைத்தாள். ஓரம் உலர்ந்திருந்தது. நேற்றுவரைக்கும் என்றால் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், போகவில்லை. ஃபேனுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். சந்தனம் பூசிய பிறகு நடந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை.

மேட்டில் ஏறும்போது கேட்டது ஆன்ட்டியின் வளையலா, காயா?